டெல்லிச் சாலையில் ரோடு பைக்: எதை மாற்றலாம், எதைக் காக்க வேண்டும்

ரோடு பைக் என்பது தார்ச்சாலையில் வேகமாகவும் நெடுந்தொலைவும் ஓட்டுவதற்கென்றே அமைந்த சைக்கிள். கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், ஒடுங்கிய டயர், பல பற்சக்கரங்கள் கொண்ட கியர், பத்து கிலோவை ஒட்டிய எடை ஆகியவை அதன் அடையாளங்கள். டெல்லியிலும் அதையொட்டியும் இந்தியா கேட், சாணக்கியபுரியின் சாந்தி பத், குருகிராம்–ஃபரிதாபாத் சாலை ஆகிய இடங்களில் விடியற்காலையில் இத்தகைய சைக்கிள்கள் அணி அணியாகச் செல்வதைக் காணலாம். நகரின் ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையில் லூதியானாவில் தயாரான உதிரிபாகமும் கிடைக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த கார்பன் சக்கரமும் கிடைக்கும். இவற்றில் எதற்குப் பணம் செலவிடுவது என்பதை அந்தந்த ஊரின் நிலமும் காற்றும் தூசியும் வெப்பமும்தான் முடிவு செய்ய வேண்டும். மலைப்பாதைக்குப் பொருந்தும் கணக்கு டெல்லிக்குப் பொருந்தாது.

காற்று எனும் பெரிய தடை

சமதளத்தில் சைக்கிள் ஓட்டுபவரின் கால்கள் மூன்று தடைகளை வெல்ல வேண்டும்: காற்றின் எதிர்ப்பு, உருளும் டயரின் தடை, செயினிலும் பேரிங்கிலும் எழும் உராய்வு. ஏற்றம் வந்தால் புவியீர்ப்பு நான்காவதாகச் சேரும். டெல்லியின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 215 மீட்டர் அளவில், ஏறத்தாழத் தட்டையாகப் பரந்திருக்கிறது. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியான ரிட்ஜ் பகுதியில் மட்டும் சிறு ஏற்றங்கள் உண்டு. ஆகவே இங்கு ஓட்டுபவருக்கு முதல் எதிரி காற்று.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை விலக்க 32 வாட்டும், டயரின் தடைக்கு 23 வாட்டும் செலவாகும். வேகம் 30 ஆகும்போது டயரின் பங்கு 35 வாட்டாக மட்டுமே உயர, காற்றின் பங்கு 106 வாட்டாகிவிடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு மட்டும் 250 வாட் வேண்டும். காரணம் எளிது. காற்று தடுக்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும், அதை வெல்லத் தேவையான ஆற்றல்வீதம் மும்மடிக்கு ஏற்பவும் கூடுகின்றன.

இந்தத் தடையில் பெரும்பகுதி சைக்கிளால் வருவதில்லை. ஓட்டுபவரின் உடலால் வருகிறது. முழங்கையை மடக்கி மார்பைச் சற்றுத் தாழ்த்தினால் காற்று மோதும் பரப்பு பத்தில் ஒரு பங்கு குறையும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அதனால் சுமார் 11 வாட் மிச்சம். காற்றில் படபடக்கும் தொளதொளப்பான சட்டைக்குப் பதில் உடலோடு ஒட்டிய ஜெர்சி அணிந்தால் இன்னும் சில வாட். 1989ஆம் ஆண்டின் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாளில் 50 வினாடி பின்தங்கியிருந்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், கைகளை முன்னோக்கி ஒடுக்கி வைக்கும் ஏரோ பார் பூட்டி 24.5 கிலோமீட்டரை ஓட்டி, மொத்தத்தில் 8 வினாடி வித்தியாசத்தில் பட்டத்தை வென்றார். உடல் நிலையின் மதிப்பை உலகம் கண்கூடாக உணர்ந்த நாள் அது.

குளிர்காலக் காற்று கோடைக் காற்றைவிட அடர்த்தியானது. டெல்லியில் ஜனவரி விடியலின் 5 டிகிரிக்கும் மே மாதப் பகலின் 45 டிகிரிக்கும் இடையே காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு மாறுகிறது. குளிரில் அதே உழைப்புக்கு வேகம் சற்றுக் குறைந்தால் சைக்கிளிலோ உடலிலோ கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை.

எடையின் உண்மையான மதிப்பு

கடைக்காரர் முதலில் காட்டுவது எடையைத்தான். 10 கிலோ சைக்கிளைக் கொடுத்துவிட்டு 8 கிலோ கார்பன் சைக்கிளை வாங்கினால் தட்டையான சாலையில், 30 கிலோமீட்டர் வேகத்தில், மிச்சமாவது ஒரு வாட்டுக்கும் குறைவு. சிக்னலில் நின்று மீண்டும் வேகமெடுக்கும்போதும் மொத்த எடையில் 2 கிலோ என்பது 2.4 விழுக்காடுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு நான்கு மணி நேரத்தில் ஏறுபவருக்கு அந்த 2 கிலோ ஏறத்தாழ ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தித் தரும். அங்கே அதற்குப் பொருள் உண்டு. டெல்லியில் அந்தப் பணம் வேறு இடத்தில் அதிகப் பலன் தரும். 2010 அக்டோபரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில், டெல்லியின் தட்டையான தெருக்களில் ஓடிய ஆண்கள் சாலைப் பந்தயத்தை வென்றவர் ஆஸ்திரேலியாவின் ஆலன் டேவிஸ். அவர் மலையேற்ற வீரர் அல்லர். இறுதிப் பாய்ச்சலில் வல்லவர்.

பெரிய பற்சக்கரம் வாங்கும் ஆசைக்கும் இதே கணக்கு போதும். முன்புறம் 50 பல்லும் பின்புறம் 11 பல்லும் சேர்ந்தால், நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவர் மணிக்கு 51 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவார். அந்த வேகத்தைத் தனியாக, சமதளத்தில், சில நிமிடங்களுக்கு மேல் தாங்கக்கூடியவர்கள் மிகச் சிலர். அதற்கு மேற்பட்ட பற்கள் பெரும்பாலான ஓட்டுநர்களுக்குத் தேவையில்லை.

டயரும் காற்றழுத்தமும்

உதிரிபாகங்களில் முதலில் செலவிட வேண்டிய இடம் டயர். தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்கி மீள்கிறது. நசுங்கும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. தடித்த, மலிவான டயரில் இந்த இழப்பு மெல்லிய, தரமான டயரில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம். உருளும் தடையின் எண் 0.008இலிருந்து 0.004ஆகக் குறைந்தால் மேலே சொன்ன 85 கிலோவுக்கு, 30 கிலோமீட்டர் வேகத்தில், 28 வாட் மிச்சம். இரண்டு கிலோ எடைக் குறைப்பு தருவதைப் போல முப்பது மடங்குக்கும் மேல் இது.

முன்பு 23 மில்லிமீட்டர் அகல டயரில் 120 பிஎஸ்ஐ காற்று அடிப்பதே வேகத்துக்கு வழி என்று நம்பினார்கள். வழவழப்பான உருளையில் சோதித்தால் அது சரிதான். கரடுமுரடான சாலையிலோ கல்லென இறுகிய டயர் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஓட்டுபவரையே தூக்கித் தூக்கிப் போடுகிறது; முன்னோக்கிச் செல்ல வேண்டிய ஆற்றல் உடலின் அதிர்வில் கரைகிறது. இன்று 28 மில்லிமீட்டர் டயரில், 70 கிலோ எடையுள்ளவர் 70 பிஎஸ்ஐ அளவில் காற்று வைத்து ஓட்டுவதே பரவலான வழக்கம். தோண்டி மூடிய சாலைகள் நிறைந்த டெல்லிக்கு இது மிகவும் ஏற்றது. சைக்கிளின் ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் எவ்வளவு அகலம் நுழையும் என்பதை மட்டும் முன்பே அளந்துகொள்ள வேண்டும்.

வெப்பநிலை மாறினால் அழுத்தமும் மாறும். மாலை 25 டிகிரியில் 100 பிஎஸ்ஐ அடித்த டயர், 5 டிகிரி விடியலில் 92 பிஎஸ்ஐதான் காட்டும். அதே டயர் 60 டிகிரிக்குக் கொதிக்கும் கோடைத் தாரில் 113ஐத் தொடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவை ஒட்டி மே மாதத்தில் காற்றடிப்பது ஆபத்து என்பதற்கு இதுவே காரணம்.

பஞ்சர்: முள், கம்பி, குழி

டெல்லி ரிட்ஜ் காட்டை ஆக்கிரமித்திருக்கும் விலாயதி கீக்கர் வேறெதுவும் இல்லை. தமிழகத்தின் ராமநாதபுரத்தில் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேல மரமேதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, ஆங்கிலேயர் காலத்தில் இங்கு நடப்பட்டது. அதன் முள் மெல்லிய டயரை எளிதில் துளைக்கும். ஓரத்து மணலில் படரும் நெருஞ்சியும் அப்படியே. நெடுஞ்சாலைகளில் வேறொரு வகை முள் உண்டு: வெடித்துச் சிதறிய லாரி டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய எஃகுக் கம்பி. மோட்டார் வாகனங்களின் சக்கரங்கள் நடுச்சாலையைத் துடைத்து, கண்ணாடித் துண்டையும் கம்பியையும் இடது ஓரத்தில் சேர்க்கின்றன. ஓரத்தை ஒட்டியே ஓட்டும் சைக்கிள்காரர் அவ்வளவையும் பொறுக்கிக்கொள்கிறார். ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி ஓட்டினால் பஞ்சரும் குறையும், நிறுத்திய காரின் கதவு திடீரெனத் திறந்து மோதுவதும் குறையும்.

ட்யூபில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். டயரை நோக்கிய பக்கத்தில் ஒரே ஓட்டை என்றால் முள் அல்லது கம்பி. அடுத்தடுத்து இரண்டு சிறு ஓட்டைகள் என்றால், காற்றுக் குறைந்த டயர் குழியின் விளிம்பில் மோதி ட்யூபை ரிம்மோடு நசுக்கியிருக்கிறது. ரிம் பக்கத்தில் ஓட்டை என்றால் ரிம் டேப் நகர்ந்து, போக்ஸ் கம்பியின் துளை விளிம்பு ட்யூபை அறுத்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது ட்யூப் போட்டால் அதுவும் சில நிமிடத்தில் இறங்கிவிடும். டயரின் உட்புறத்தைத் துணியால் ஒருமுறை முழுவதும் துடைத்துப் பார்த்தால் ஒளிந்திருக்கும் கம்பி துணியில் சிக்கும். வெறும் விரலைவிட அது பாதுகாப்பானது.

பஞ்சர் ஒட்டும்போது சொலூஷனைத் தடவிய உடனே பேட்ச்சை அழுத்துவது பலரும் செய்யும் தவறு. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி, பூச்சு மங்கி உலரும்வரை சில நிமிடம் காத்திருந்தால்தான் ரப்பரும் ரப்பரும் வேதிமுறையில் பிணையும். இன்னொரு தடங்கல் வால்வில் இருக்கிறது. சாலையோரப் பஞ்சர் கடையின் கம்ப்ரெஸர் குழாய் மோட்டார் சைக்கிளின் ஷ்ரேடர் வால்வுக்கு உரியது. ரோடு பைக்கின் ஒடுங்கிய பிரெஸ்டா வால்வில் அது பொருந்தாது. சிறு பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்திருந்தால் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். கரியமில வாயுக் குப்பியால் நிரப்பியவர்கள் வீடு திரும்பியதும் அதை வெளியேற்றிச் சாதாரணக் காற்றை அடைக்க வேண்டும். அந்த வாயு ட்யூப் ரப்பரின் வழியே விரைவாகக் கசிந்துவிடும். ட்யூப் இல்லாத டயரில் ஊற்றும் சீலண்ட் சிறு ஓட்டைகளைத் தானே அடைக்கும். டெல்லி வெயிலில் அது சீக்கிரம் உலரும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும்.

செயின்: தூசியின் பலி

செயினின் ஒவ்வொரு கண்ணியும் 12.7 மில்லிமீட்டர் நீளம். அத்தகைய நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கின்றன. சுத்தமான செயின் கால் தரும் ஆற்றலில் 95 விழுக்காட்டுக்கு மேல் பின் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும். டெல்லிக் கோடையின் லூ காற்றும் கட்டுமானப் பணிகளும் கிளப்பும் தூசியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. பிசுபிசுப்பான எண்ணெயில் அது ஒட்டினால், உப்புத்தாள் போல மூட்டுகளை உள்ளிருந்து தேய்க்கும். இதைத்தான் செயின் நீண்டுவிட்டது என்கிறார்கள். உண்மையில் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. மூட்டுகளின் ஊசி தேய்ந்து இடைவெளி கூடுகிறது. பதினோரு கியருக்கு மேற்பட்டவற்றில் அரை விழுக்காடு, அதாவது 24 கண்ணிகளில் 1.5 மில்லிமீட்டர், கூடிவிட்டால் செயினை மாற்ற வேண்டும். தாமதித்தால் விலை உயர்ந்த பின் பற்சக்கரத் தொகுதியும் சேர்ந்து தேயும்.

வறண்ட மாதங்களில் மெழுகு அல்லது உலர் வகை எண்ணெயும், ஜூன் கடைசியில் தொடங்கும் மழைக்காலத்தில் நீரில் கழுவப்படாத கெட்டி எண்ணெயும் ஏற்றவை. எதை ஊற்றினாலும் பழைய அழுக்கைத் துடைத்தபின் ஊற்றி, மேற்பரப்பில் மிஞ்சியதைத் துணியால் எடுத்துவிட வேண்டும். எண்ணெய் மூட்டுக்குள் இருக்க வேண்டுமே தவிர வெளியே அல்ல.

சைக்கிள் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் இன்னொன்றைச் சோதிக்க வேண்டும். பின் கியரைத் தாங்கும் டீரெய்லர் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு, சட்டகத்தைக் காப்பதற்காகத் தான் முதலில் வளையும்படி அமைந்தது. அது வளைந்ததை அறியாமல் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றினால் டீரெய்லர் போக்ஸ் கம்பிகளுக்குள் புகுந்து சக்கரத்தையே நிறுத்தும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஹேங்கரின் வடிவம் வேறு. கடையில் உடனே கிடைக்காது. உபரியாக ஒன்று கையில் இருப்பது நல்லது.

பிரேக்கும் விழுதலும்

மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்பவர் ஆபத்தைக் கண்டு விரலை அழுத்த ஒரு வினாடி எடுத்தால், அதற்குள் 8 மீட்டர் கடந்துவிடும். பிறகு முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால் 7 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அதைப் போல இரண்டு மடங்கு தூரம் வேண்டும். வேகம் குறையும்போது பாரம் முன் சக்கரத்துக்கு மாறி, பின் சக்கரத்தின் பிடிப்பு தளர்வதே இதற்குக் காரணம். முன் பிரேக்கைத் திடீரெனப் பற்றாமல் படிப்படியாக அழுத்தி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தப் பழக வேண்டும். எந்தக் கை எந்தச் சக்கரத்துக்கு என்பதைப் புது சைக்கிளில் ஏறுமுன் சோதிக்க வேண்டும். நாட்டுக்கு நாடு இது மாறும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கட்டை மழையில் முதலில் நீரைத் துடைத்த பிறகே பிடிக்கும். டிஸ்க் பிரேக்கில் அந்தத் தாமதம் மிகக் குறைவு.

ஷூவைப் பெடலோடு பூட்டும் முறை 1980களில் பிரான்ஸின் லுக் நிறுவனத்தால் பந்தயத்துக்கு வந்தது. 1985இல் பெர்னார் இனோ அதைப் பூட்டி டூர் டி பிரான்ஸை வென்றார். அதற்குப் புதியவர்கள் விழுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல, சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான். குதிகாலை வெளிப்புறம் திருப்பி ஒரு காலை நிற்பதற்குப் பல மீட்டர் முன்பே விடுவிக்கும் பழக்கமும், பெடலின் இறுக்கத் திருகைத் தளர்த்தி வைப்பதும் இதைத் தடுக்கும்.

அணியாக ஓட்டும்போது முன்னால் செல்பவரின் பின்னே ஒட்டிச் சென்றால் காற்றுத் தடையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். ஆனால் தன் முன் சக்கரம் அவருடைய பின் சக்கரத்தோடு பக்கவாட்டில் உரசினால் விழுவது பின்னால் வருபவர்தான். சைக்கிள் சாயாமல் நிற்பது முன் சக்கரத்தை நுட்பமாகத் திருப்பிக்கொண்டே இருப்பதால். உரசல் அந்தத் திருப்பலைத் தடுத்துவிடுகிறது. சக்கரங்கள் ஒன்றையொன்று தாண்டி இணையாக நிற்காமல் பார்த்துக்கொள்வது அணியின் முதல் ஒழுங்கு.

தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரை நசுங்கி, மோதலைச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கு நீட்டித் தலையைக் காக்கிறது. ஐரோப்பியத் தரம் அதை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்து சோதிக்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மறுபடி காக்காது. வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அடிபட்ட கவசத்தை மாற்ற வேண்டும். கார்பன் சட்டகத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. உள்ளே விட்ட விரிசல் வண்ணப்பூச்சுக்குக் கீழே மறைந்திருக்கலாம். அதன் போல்ட்டுகளைக் கைக்கு வந்தபடி முறுக்காமல், அச்சிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

ஊருக்கே உரிய அபாயங்கள்

ஆகஸ்ட் 15ஐ ஒட்டி டெல்லியில் பட்டம் விடுவது வழக்கம். கண்ணாடித் தூள் பூசிய நைலான் மாஞ்சா நூல் சாலைக்குக் குறுக்கே தாழ்ந்து தொங்கி, இரு சக்கர வாகனத்தில் செல்பவர்களின் கழுத்தை அறுத்திருக்கிறது. 2017இல் டெல்லி அரசும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அதற்குத் தடை விதித்தன. தடைக்குப் பிறகும் நூல் முழுவதும் மறையவில்லை என்பதால் அந்த வாரங்களில் வேகத்தைக் குறைப்பதும் கழுத்தில் துணி சுற்றுவதும் அவசியம்.

கோடையில், ஓட்டுபவரின் உடலே ஓர் உலை. கால் 140 வாட் வேலை செய்யும்போது உடலில் 400 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கிறது. 45 டிகிரிக் காற்று தோலைவிடச் சூடானது. அது உடலைக் குளிர்விக்காது, மேலும் சூடாக்கும். வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. அதற்கு மணிக்கு முக்கால் லிட்டர் அளவில் நீரும், இழந்த உப்பும் வேண்டும். குளிர்காலத்தில் சிக்கல் வேறு. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள சூடான அடுக்கால் மூடப்பட, புகை கீழேயே தேங்குகிறது. நவம்பர், டிசம்பர் மாத விடியல் அதனால்தான் நுண்துகள் மிகுந்த நேரம். கடும் உழைப்பில் நுரையீரல் ஓய்வின்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு காற்றை இழுக்கும். அந்த வாரங்களில் பயிற்சியைப் பிற்பகலுக்கு மாற்றுவதோ வீட்டுக்குள் நிலையாகப் பூட்டிய சைக்கிளில் மிதிப்பதோ அறிவுடைமை. மூடுபனியில் பின்புறச் சிவப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும். ஏறி இறங்கும் கணுக்காலில் ஒளிரும் பட்டை கட்டினால், முன்னே அசைவது ஒரு மனிதர் என்பதைக் காரோட்டி தொலைவிலேயே அறிவார்.

சாலையின் வடிவமும் ஒரு கருவிதான். 2008இல் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே திறந்த பேருந்துத் தனிவழியில் சைக்கிளுக்கென்று பிரித்த பாதை இருந்தது. டெல்லி ஐஐடியின் போக்குவரத்து ஆய்வு மையத்தைச் சேர்ந்த தினேஷ் மோகன், கீதம் திவாரி ஆகியோர் அந்தத் திட்டத்தின் சிந்தனைக்கு அடித்தளமிட்டவர்கள். 2016இல் அந்த வழி இடிக்கப்பட்டது. தனிப்பாதை இல்லாத சாலையில் சைக்கிளின் ஒவ்வொரு குறையும் பெரிய விபத்தாக மாறும் வாய்ப்பு கூடுகிறது.

செலவின் வரிசை

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் டெல்லிக்கான வரிசை தெளிவாகிறது. முதலில் சீட்டின் உயரமும் ஹேண்டிலின் எட்டும் தூரமும் உடலுக்குப் பொருந்த வேண்டும். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருப்பது சரியான உயரம். இதற்குச் செலவு மிகக் குறைவு, பலனோ வேகத்திலும் வலியின்மையிலும் மிக அதிகம். அடுத்தது தரமான, சற்று அகலமான டயர், அழுத்தமானியுடன் கூடிய பம்பு. பிறகு பிரேக், விளக்கு, தலைக்கவசம். அதன்பின் செயின் பராமரிப்பு. இவை அனைத்தும் சீரான பிறகும் பணம் மிஞ்சினால் மட்டுமே இலகுவான சக்கரத்தையும் கார்பன் சட்டகத்தையும் நினைக்கலாம். ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் டயரை அழுத்தி, பிரேக்கைப் பிடித்து, விளக்கை எரித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வழியில் நேரும் தொல்லைகளில் பெரும்பகுதி அந்த இரண்டு நிமிடத்திலேயே தவிர்க்கப்படும். சைக்கிள் ஓட்டும் ஒவ்வொருவரும் அதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.